பாகிஸ்தானுக்குப் போன டாலர்: ராணுவத்துக்கு ஒரு வழி, பள்ளிக்கூடத்துக்கு ஒரு வழி

2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற கையோடு, அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அனைத்தையும் 90 நாளுக்கு நிறுத்திவைத்து உத்தரவு போட்டார் டொனால்ட் டிரம்ப். ஒரு மாதம் போவதற்குள் விதிவிலக்குகள் வெளியே தெரிந்தன. மொத்தம் 530 கோடி டாலர். பெரும்பகுதி பாதுகாப்புக்கும் போதைப்பொருள் தடுப்புக்கும். அதில் பாகிஸ்தான் தொடர்பான ஒரு வரி 39.7 கோடி டாலர். பாகிஸ்தானிடம் இருக்கும் எஃப்-16 விமானங்கள் தீவிரவாதிகளுக்கு எதிராக மட்டும் பறக்கின்றனவா, இந்தியாவின் பக்கம் திரும்புகின்றனவா என்று கண்காணிக்கும் அமெரிக்கக் குழுவின் செலவு அது. மார்ச்சில், அமெரிக்காவின் வெளிநாட்டு வளர்ச்சி உதவியை நடத்திவந்த யுஎஸ்எய்ட் அமைப்பின் திட்டங்களில் 83 சதவீதம் ரத்தாகிவிட்டதாக வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோ அறிவித்தார். ஏப்ரலில், பாகிஸ்தான் இளங்கலை மாணவர்களை ஒரு பருவம் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அனுப்பிவந்த பரிமாற்றத் திட்டம் 15 ஆண்டுகளுக்குப் பிறகு மூடப்பட்டது. ஜூலை 1 அன்று யுஎஸ்எய்டே இல்லாமல் போனது.

இதை ஒரு மனிதரின் குணம் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகலாம். ஆனால் பாகிஸ்தான் கணக்கை 1954 முதல் புரட்டிப் பார்த்தால், வெள்ளை மாளிகையில் யார் இருந்தாலும் வெட்டுப்படும் வரிசை பெரிதாக மாறியதில்லை. ராணுவ உதவி நின்றபோதெல்லாம் பெரும்பாலும் திரும்பி வந்தது. கல்வி உதவி ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கி, பாதியில் நின்றது. காரணத்தை நல்லெண்ணத்தில் தேடுவதைவிட, பணம் எந்த வழியாகப் போகிறது, எங்கே செலவாகிறது என்பதில் தேடினால் சீக்கிரம் கிடைக்கும்.

முதலில் அளவு. 2002 முதல் பதினைந்து ஆண்டுகளில் பாகிஸ்தானுக்கு அமெரிக்கா கொடுத்தது சுமார் 3,300 கோடி டாலர். 2018 புத்தாண்டு அன்று டிரம்ப் ட்விட்டரில் கொட்டித் தீர்த்த எண் இதுதான். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ராணுவம் சார்ந்தது. மிச்சம் பொருளாதார உதவி. பட்ஜெட் ஆதரவு, மின்சாரம், சாலை, வெள்ள நிவாரணம், சுகாதாரம், கல்வி எல்லாம் அதற்குள் அடக்கம். முதல் சில ஆண்டுகளில் கல்விக்குப் போனது ஆண்டுக்கு 6.4 கோடி டாலர்தான் என்று 2007-இல் வாஷிங்டன் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் ஐந்தரைக் கோடிக்கு மேல். தலைக்கு ஆண்டுக்கு 1.16 டாலர்.

பில் போட்டால் பணம்

ராணுவத் தொகையில் மிகப் பெரிய பகுதி, கண்டிப்பாகப் பார்த்தால், உதவியே இல்லை. கூட்டணி ஆதரவு நிதி என்று அதற்குப் பெயர். ஆப்கானிஸ்தான் போருக்காகப் பாகிஸ்தான் ராணுவம் எல்லையில் கூடுதலாகச் செய்யும் செலவை அமெரிக்கா ஈடுகட்டும். 1,400 கோடி டாலருக்கு மேல் இந்த ஒரு வழியிலேயே போயிற்று. மாதம் சராசரியாக 8 கோடி டாலர் என்ற விகிதத்தில் நெடுநாள் ஓடியது.

நடைமுறை இப்படி இருந்தது: பாகிஸ்தான் ராணுவம் மாதாமாதம் செலவுப் பட்டியலை இஸ்லாமாபாத் அமெரிக்கத் தூதரகத்தில் இருக்கும் ராணுவப் பிரதிநிதி அலுவலகத்தில் கொடுக்கும். அங்கே சரிபார்ப்பு. பிறகு அமெரிக்க ராணுவத்தின் மத்தியக் கட்டளையகம், பாதுகாப்புத் துறையான பென்டகனின் நிதி அதிகாரி, வெளியுறவுத் துறையின் சம்மதம், காங்கிரஸுக்கு 15 நாள் முன்னறிவிப்பு. கடைசியில் பணம் பாகிஸ்தான் அரசு கஜானாவில் விழும். இத்தனை கை மாறுகிறதே, சல்லடை நன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றும். ஆனால் 2008 ஜூனில் அமெரிக்க காங்கிரஸின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை வேறு கதை சொன்னது. 2001 அக்டோபர் முதல் 2007 ஜூன் வரை போன 556 கோடி டாலரில் 200 கோடிக்கு மேற்பட்ட தொகைக்குச் சரிபார்க்கப் போதுமான ஆவணம் இல்லை.

அந்த அறிக்கையின் சில வரிகள் இன்றைக்கும் படிக்கத்தக்கவை. சாலை போட்டதாக 3 கோடி டாலர், பதுங்கு குழி கட்டியதாக 1.5 கோடி டாலர்; இரண்டுமே கட்டப்பட்டதற்கு ஆதாரமில்லை. வான் பாதுகாப்பு ரேடார்களைப் பராமரிக்க 20 கோடி டாலர். தாலிபானிடமும் அல் கொய்தாவிடமும் அன்று விமானப்படை கிடையாது. ரேடார் எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்று நாம் ஊகிக்கலாம். கடற்படையின் இருபதுக்கும் குறைவான பயணிகள் வாகனங்களுக்கு, வண்டி ஒன்றுக்கு மாதம் சராசரியாக 19,000 டாலருக்கு மேல்.

இதை வெறும் ஊழல் என்று எழுதினால் பாதிதான் எழுதியதாகும். ‘கூடுதல் செலவு’ என்பதை அளக்க, அந்த ராணுவம் போர் இல்லாவிட்டால் எவ்வளவு செலவழித்திருக்கும் என்ற அடித்தளக் கணக்கு வேண்டும். அதைப் பாகிஸ்தான் ராணுவம் காட்டாது. எந்த ராணுவமும் அயலாருக்குக் காட்டாது. எல்லைப் பகுதிக்குத் தணிக்கையாளர் நேரில் போகவும் முடியாது. ஆகவே காகிதத்தை நம்பினார்கள். வேறு வழி தெரிந்தவர்கள்கூட அழுத்திக் கேட்கவில்லை. காபூலுக்கான சரக்கு கராச்சித் துறைமுகம் வழியாகப் போய்க்கொண்டிருந்ததே காரணம். 2011 நவம்பரில் சலாலா எல்லைச் சாவடித் தாக்குதலில் 24 பாகிஸ்தான் வீரர்கள் இறந்தபோது இஸ்லாமாபாத் அந்தப் பாதையை மூடிற்று. 2012 ஜூலையில் திறந்ததும், தேங்கிக் கிடந்த பில்லுக்கு 118 கோடி டாலர் வந்தது. நன்கொடை என்ற பெயரில் நடந்த வழிவாடகை என்று சொன்னால் பெரிய தவறில்லை.

இன்னொரு சிக்கல், பணம் கஜானாவுக்குப் போனதும் அதன் அடையாளம் அழிந்துவிடும். 2002-க்கும் 2008-க்கும் இடையே வந்த 660 கோடியில் ராணுவத்தின் கைக்கு வந்தது வெறும் 50 கோடிதான் என்று பாகிஸ்தான் தளபதிகளே 2009-இல் ஒரு செய்தி நிறுவனத்திடம் புலம்பினார்கள். மீதி அரசின் மானியத்துக்கும் பற்றாக்குறைக்கும் கரைந்துபோயிற்று. ‘ராணுவ உதவி’ என்ற தலைப்பில் போன பணம் எங்காவது ஒரு பள்ளி ஆசிரியரின் சம்பளமாகவும் ஆகியிருக்கலாம். கல்விக்கு என்று வந்த பணம், அரசு தன் கல்விச் செலவைக் குறைத்துக்கொள்ள இடம் கொடுத்தால், துப்பாக்கியாகவும் ஆகும். உதவியின் தலைப்பை மட்டும் பார்த்து முடிவுக்கு வருபவர்கள் தவறவிடும் இடம் இது.

விமானத்தின் வால்

ராணுவத்துக்கான இரண்டாவது வழி, வெளிநாட்டு ராணுவ நிதியுதவி. இதன் சூட்சுமம், பணம் அமெரிக்காவை விட்டு வெளியே போகவே போகாது என்பது. வாங்கும் நாடு கோரிக்கைக் கடிதம் கொடுக்கும். பென்டகன் விலையோடு சலுகைப் பத்திரம் தயாரிக்கும். அதன்மேல் நிர்வாகக் கட்டணமும் உண்டு. பெரிய தளவாடம் 1.4 கோடி டாலரைத் தாண்டினால் காங்கிரஸுக்கு முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். நேட்டோவும் அதற்கு இணையாக வைக்கப்பட்ட சில நாடுகளும் தவிர மற்றவர்களுக்கு 30 நாள் அவகாசம். பிறகு அமெரிக்க அரசே தன் நாட்டு நிறுவனத்திடம் ஆர்டர் போட்டுப் பணம் கொடுக்கும். வாங்கும் நாட்டின் கைக்கு வருவது பொருள்.

இந்த அமைப்புக்கு வாஷிங்டனில் தாங்கிப்பிடிக்க ஆள் உண்டு. தொழிற்சாலை இருக்கும் ஒவ்வொரு மாநிலத்தின் செனட்டரும் தாங்குவார். சிந்து மாகாணத்தில் ஒரு தொடக்கப் பள்ளியின் கழிப்பறைக்கு டெக்சாஸில் யார் வாதாடுவார்கள்?

இன்னொரு பலம், தளவாடத்துக்கு வால் உண்டு. எஃப்-16 ஒன்றை வாங்கினால் 30, 40 ஆண்டுகளுக்கு உதிரிபாகம், இன்ஜின் பழுதுபார்ப்பு, மென்பொருள் மேம்பாடு எல்லாம் அமெரிக்காவிடம்தான். 2022 செப்டம்பரில் பாகிஸ்தான் எஃப்-16 பராமரிப்புக்கு 45 கோடி டாலர் விற்பனையை அமெரிக்கா அனுமதித்தபோது டெல்லி கோபப்பட்டது. விற்ற பொருளைப் பராமரிக்கும் கடமை எங்களுக்கு உண்டு என்பதே வாஷிங்டனின் பதில். பள்ளிக்கூடத்துக்கு அப்படி ஒரு தொடர்கடமை எந்த ஒப்பந்தத்திலும் கிடையாது.

இந்த வால் இரண்டு பக்கமும் இழுக்கும். 1981-இல் ரீகன் அரசு ஆறு ஆண்டுக்கு 320 கோடி டாலர் தொகுப்பு கொடுத்தது. கூடவே 40 எஃப்-16 விற்பனை. (அதற்கு முன் கார்ட்டர் 40 கோடி தருகிறேன் என்றபோது, வேர்க்கடலை என்று பாகிஸ்தானை ஆண்ட ஜியா உல் ஹக் ஒதுக்கினார். கார்ட்டர் வேர்க்கடலை விவசாயி.) 1985-இல் வந்த பிரஸ்லர் திருத்தப்படி, பாகிஸ்தானிடம் அணுகுண்டு இல்லை என்று ஜனாதிபதி ஆண்டுதோறும் சான்று கொடுக்கவேண்டும். சோவியத் படை ஆப்கானிஸ்தானில் இருந்தவரை சான்று தவறாமல் வந்தது. படை வெளியேறிய மறு ஆண்டு, 1990 அக்டோபரில், வரவில்லை. பாகிஸ்தான் பணம் கட்டி வாங்கிய 28 எஃப்-16 அரிசோனா பாலைவனத்தில் நின்றன. 1998 டிசம்பரில்தான் தீர்வு: 32.7 கோடி டாலர் ரொக்கம், மிச்சத்துக்குக் கோதுமை உள்ளிட்ட பொருட்கள். பாகிஸ்தான் ராணுவத்தின் ஒரு தலைமுறை அதிகாரிகள் அமெரிக்காவை நம்பாமல் போனதற்கு அந்தப் பாலைவனம் பெரிய காரணம். அதே வெட்டில் யுஎஸ்எய்டின் கல்வி, சுகாதாரத் திட்டங்களும் சுருங்கி முடிந்தன. அதைப் பற்றி இன்று யாரும் பேசுவதில்லை. பாலைவனத்தில் நிற்கும் விமானத்தைப் படம் எடுக்கலாம். நடக்காத ஆசிரியர் பயிற்சியை என்னவென்று படம் எடுப்பது?

எகிப்தைப் பார்த்தால் இது பாகிஸ்தானுக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல என்று தெரியும். இஸ்ரேலோடு சமாதானம் செய்த கேம்ப் டேவிட் உடன்பாட்டின் தொடர்ச்சியாக 1987 முதல் ஆண்டுக்கு 130 கோடி டாலர் ராணுவ நிதி, ஏறத்தாழ அசையாமல். பொருளாதார உதவியோ 1998-இல் 81.5 கோடியாக இருந்து பிறகு அதில் சின்னப் பங்காகத் தேய்ந்தது. 2025 ஜனவரி நிறுத்தத்திலும் எகிப்து, இஸ்ரேல் இரண்டின் ராணுவ நிதிக்குத் தொடக்கத்திலேயே விலக்கு.

பள்ளிக்கூடத்துக்குப் பணம் போகும் பாதை

2009 அக்டோபர் 15 அன்று ஒபாமா கையெழுத்திட்ட கெர்ரி-லூகர்-பெர்மன் சட்டம் இந்த வரிசையை மாற்றப் பார்த்த ஒரே பெரிய முயற்சி. ராணுவம் அல்லாத உதவி ஆண்டுக்கு 150 கோடி டாலர், ஐந்து ஆண்டுக்கு 750 கோடி. கையெழுத்துக்கு ஒரு வாரம் முன்பே, அக்டோபர் 7 அன்று, பாகிஸ்தான் ராணுவத்தின் கோர் கமாண்டர்கள் கூடி, சட்டத்தின் சில பிரிவுகள் தேசப் பாதுகாப்பைப் பாதிப்பதாகப் பகிரங்கமாக அறிக்கை விட்டார்கள். ராணுவ பட்ஜெட்டையும் பதவி உயர்வையும் மக்களாட்சி அரசு எவ்வளவு கட்டுப்படுத்துகிறது என்று அமெரிக்கா கணிக்கவேண்டும் என்ற வரிதான் உறுத்தியது. பள்ளிக்கும் மின்சாரத்துக்கும் வரும் பணத்தை எதிர்த்துத் தெருவில் கோஷம் எழுந்த விசித்திரம் அப்படி நேர்ந்தது.

பணமாவது வேகமாக வந்ததா? 2010 நிதியாண்டின் 150 கோடியில் அந்த ஆண்டு டிசம்பர் இறுதிக்குள் உண்மையில் செலவானது 17.95 கோடி டாலர். எட்டில் ஒரு பங்குகூட இல்லை.

ஏன் என்று பார்க்கப் பாதையைத் தெரிந்துகொள்ளவேண்டும். காங்கிரஸ் ஒதுக்கியதும் பணம் புறப்பட்டுவிடாது. எந்த நாட்டுக்கு எந்தத் துறையில் எவ்வளவு என்ற பங்கீட்டைக் காங்கிரஸுக்கு எழுதிக்கொடுக்கவேண்டும். பிறகு இரு அரசுகளுக்கும் ஒப்பந்தம். பிறகு திட்ட வடிவமைப்பு, டெண்டர், ஒப்பந்ததாரர் தேர்வு. இதில் இரண்டு வழி. அமெரிக்க ஒப்பந்த நிறுவனத்திடம் கொடுத்தால் வேகம் உண்டு. ஆனால் தலைமையகச் செலவு, வெளிநாட்டு ஆலோசகர் சம்பளம், பாதுகாப்பு ஏற்பாடு என்று பெரும் பங்கு வழியிலேயே போகும். பாகிஸ்தான் அரசிடம் நேரடியாகக் கொடுத்தால் செலவு மிச்சம், பொறுப்பும் அவர்களுடையது. ஆனால் அந்தத் துறையின் கணக்கு முறை, கொள்முதல் முறை எல்லாவற்றையும் முன்கூட்டியே ஆய்ந்து சான்று தரவேண்டும். அமெரிக்காவின் சிறப்புத் தூதர் ரிச்சர்ட் ஹோல்புரூக் இரண்டாவது வழியைப் பிடிவாதமாக நின்று கேட்டார். கொள்கை சரி. விளைவு, ஆய்வுகள் முடியும்வரை பணம் காத்திருந்தது. அதற்குள் 2010 வெள்ளம் வந்து சுமார் 2 கோடிப் பேரைப் பாதிக்க, திட்டமெல்லாம் நிவாரணத்துக்குத் திரும்பியது.

அதே ஆண்டு ஏப்ரலில் பாகிஸ்தான் தன் அரசியல் சட்டத்துக்குப் 18-ஆவது திருத்தம் கொண்டுவந்தது. 5 முதல் 16 வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வி அடிப்படை உரிமையாயிற்று. பள்ளிக் கல்வி மாகாணங்களிடம் போயிற்று. நல்ல மாற்றம்தான். ஆனால் நன்கொடையாளர் இஸ்லாமாபாத்தில் யாரோடு பேசிப் பழகியிருந்தாரோ அந்த அதிகாரியிடம் இனி அதிகாரமில்லை. கராச்சி, லாகூர், பெஷாவர், குவெட்டா என்று நான்கு இடத்தில் புதிதாகத் தொடங்கவேண்டியதாயிற்று. ராணுவத்திலோ பேசவேண்டிய இடம் அன்றும் இன்றும் தலைமையகம் இருக்கும் ராவல்பிண்டி ஒன்றுதான்.

(பாகிஸ்தானின் ‘கல்வி பட்ஜெட்டை’ ராணுவ பட்ஜெட்டோடு ஒப்பிடும் சமூக ஊடகப் படங்களும் இங்கேதான் சறுக்குகின்றன. மத்திய அரசின் கல்வி ஒதுக்கீட்டை மட்டும் எடுத்து, மாகாணங்களின் பெருந்தொகையை விட்டுவிடுகிறார்கள். எல்லாவற்றையும் கூட்டினாலும் அண்மைக் காலத்தில் கல்விச் செலவு நாட்டு உற்பத்தியில் 2 சதவீதத்துக்குக் கீழே என்பது வேறு விஷயம். மிகைப்படுத்தாமலே போதுமான அளவு மோசம்.)

இவற்றையெல்லாம் தாண்டி நடந்த திட்டங்களும் உண்டு. சிந்து அடிப்படைக் கல்வித் திட்டம் 15.5 கோடி டாலரில் 2011-இல் தொடங்கியது. வெள்ளம் பாதித்த மாவட்டங்களில் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளைக் கட்டுவது இலக்கு. இலக்கு எட்டப் பல ஆண்டு ஆயிற்று. நிலம் யாருடையது என்ற தகராறு, மாறிக்கொண்டே இருந்த செயலாளர்கள், மீண்டும் வெள்ளம். இதில் உருப்படியான ஒரு யோசனை இருந்தது: கட்டிய பள்ளியை நடத்தும் பொறுப்பை ஒப்பந்தத்தின் பேரில் கல்வி மேலாண்மை அமைப்புகளிடம் மாகாண அரசு விட்டது. கட்டடம் கட்டுவது சுலபமான பாதி என்று அனுபவப்பட்டவர்கள் போட்ட ஏற்பாடு அது.

கல்வி உதவி பெரும்பாலும் உடைவது இந்த இடத்தில்தான். பள்ளிச் செலவில் பெரும்பங்கு சம்பளம், அதுவும் முடிவில்லாத செலவு. நன்கொடையாளர் சம்பளம் தரமாட்டார். ஐந்தாண்டுத் திட்டத்தில் அது பொருந்தாது. கட்டடம், பாடநூல், பயிற்சி ஆகியவற்றுக்குத் தருவார். கட்டடம் வந்து ஆசிரியர் வராவிட்டால் அது பேய்ப் பள்ளி: பதிவேட்டில் பள்ளி, நேரில் மாட்டுத் தொழுவமோ ஊர்ப் பெரிய மனிதரின் விருந்தினர் கூடமோ. 1998-இல் பஞ்சாபில் இவற்றை எண்ண நவாஸ் ஷெரீப் அரசு ராணுவத்தையே அனுப்பியது, ஆயிரக்கணக்கில் அகப்பட்டன.

மலிவான தலையீடு அதிகம் கொடுத்த ஒரு உதாரணமும் பஞ்சாபிலேயே இருக்கிறது. தாஹிர் அந்தராபி, ஜிஷ்ணு தாஸ், அசிம் குவாஜா ஆகிய மூன்று பொருளியலாளர்கள் 112 கிராமங்களை எடுத்துக்கொண்டு, பாதி ஊர்களில் ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பெண்ணையும் ஊரிலுள்ள பள்ளிகளின் சராசரியையும் ஒரு அட்டையில் எழுதிப் பெற்றோரிடம் கொடுத்தார்கள். அவ்வளவுதான் திட்டம். அந்த ஊர்களில் தேர்வு மதிப்பெண் கூடிற்று, தனியார் பள்ளிக் கட்டணம் 17 சதவீதம் இறங்கிற்று. இப்படிப்பட்ட திட்டத்துக்குத் திறப்புவிழா நடத்த முடியாது. தூதர் ரிப்பன் வெட்ட எதுவும் இல்லை. பெரிய தொகையைச் சீக்கிரம் செலவழித்துக் காட்டவேண்டிய அலுவலகம் இதைத் தேர்ந்தெடுக்காது.

எந்தக் கல்வி?

கல்வி உதவி எப்போதும் சுத்தமானது என்ற நினைப்பும் பாகிஸ்தானில் நிற்காது. 1984 முதல் 1994 வரை ஒமாஹாவில் உள்ள நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்கு யுஎஸ்எய்ட் 5.1 கோடி டாலர் கொடுத்தது. அதில் தயாரான தாரி, பஷ்தோ பாடநூல்கள் பெஷாவர் வழியாக ஆப்கன் அகதிப் பிள்ளைகளிடம் போயின. அரிச்சுவடியில் ஜீம் என்றால் ஜிகாத். நான்காம் வகுப்புக் கணக்கு ஒன்று: கலாஷ்னிகோவ் குண்டின் வேகம் நொடிக்கு 800 மீட்டர், 3,200 மீட்டர் தொலைவில் ஒரு ரஷ்யன், முஜாகிதீன் அவன் தலையைக் குறிவைத்தால் எத்தனை நொடியில் குண்டு நெற்றியில் படும்? விடை நான்கு. அமெரிக்க கஜானாவில் இது கல்வித் தலைப்பில் எழுதப்பட்ட பணம். பின்னாளில் தாலிபான், மனித முகங்களை மட்டும் அழித்துவிட்டு அதே நூல்களைப் பயன்படுத்தினார்கள்.

2001-க்குப் பிறகு எதிர்த்திசை வெறி. மதரசாவில் படிப்பதால்தான் தீவிரவாதி ஆகிறார்கள், ஆகவே பள்ளி கட்டு என்றார்கள். பாகிஸ்தான் மாணவர்களில் மூன்றில் ஒருவர் மதரசாவில் என்று 2002-இல் இன்டர்நேஷனல் கிரைசிஸ் குரூப் எழுதியது எல்லா இடத்திலும் மேற்கோளாயிற்று. மேலே சொன்ன அதே ஆய்வாளர்கள் 2005-இல் மக்கள்தொகைக் கணக்கையும் வீட்டுக் கணக்கெடுப்பையும் வைத்துப் பார்த்தபோது ஒரு சதவீதத்துக்கும் கீழேதான் வந்தது. பிழை எங்கே? மொத்த மாணவர் எண்ணிக்கையில் ஒரு இலக்கம் தவறி, சுமார் 2 கோடி இருக்கவேண்டிய இடத்தில் 20 லட்சம் நின்றுவிட்டது. அந்த அமைப்பு பிறகு திருத்திக்கொண்டது. ஆனால் அதற்குள் வாஷிங்டனின் கல்விக் கொள்கை அந்த எண்ணைச் சுற்றி எழும்பிவிட்டிருந்தது. பிள்ளைகள் பள்ளிக்கு வராததும், வந்தவர்கள் எழுதப் படிக்கக் கற்காததும்தான் உண்மையான நோய்.

உதவி நட்பை வாங்குமா என்ற கேள்விக்கு அந்தராபியும் தாஸும் இன்னொரு விடை வைத்திருக்கிறார்கள். 2005 காஷ்மீர் நிலநடுக்கத்தில் அமெரிக்க சினூக் ஹெலிகாப்டர்கள் மாதக்கணக்கில் மலையேறின; வெளிநாட்டுத் தொண்டர்கள் கிராமத்தில் தங்கினார்கள். நான்கு ஆண்டு கழித்துக் கேட்டபோதும், பிளவுக்கோட்டுக்கு அருகில் இருந்தவர்கள் வெளிநாட்டாரை மற்றவர்களைவிட அதிகம் நம்பினார்கள். நேரில் ஆளைப் பார்த்தது வேலை செய்தது. அந்த ஹெலிகாப்டர் ராணுவத்துடையது என்பதையும் கவனிக்கவேண்டும். ராணுவமா கல்வியா என்ற கோடு மக்கள் மனதில் நாம் போடும் இடத்தில் இல்லை. எதிர்ப்பக்க உதாரணம் 2011: பின் லேடனைத் தேட அபோட்டாபாத்தில் தடுப்பூசி முகாம் என்ற பெயரில் சிஐஏ ஆள் அனுப்பியது. அதற்கு அடுத்த ஆண்டு முதல் போலியோ சொட்டு மருந்து ஊழியர்கள் சுடப்பட்டார்கள். 2014-இல் இனி உளவுக்குத் தடுப்பூசித் திட்டங்களைப் பயன்படுத்தமாட்டோம் என்று வெள்ளை மாளிகை எழுதிக் கொடுத்தது. பழங்குடிப் பகுதிகளில் பள்ளிப் பெஞ்சிலும் நோட்டிலும் யுஎஸ்எய்ட் சின்னம் போடாமலே கொடுக்கவேண்டிய நிலை முன்பே இருந்தது. சின்னம் போட்டால் ஊழியருக்கு ஆபத்து, போடாவிட்டால் கொடுத்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது.

பேட்டன் டாங்கியும் கணினியும்

இரண்டு வகை உதவியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க நல்ல காலம் 1954 முதல் 1972 வரை. 1954 பாதுகாப்பு ஒப்பந்தத்தில் பாகிஸ்தானுக்குப் பேட்டன் டாங்கிகள் வந்தன. கம்யூனிஸத்துக்கு எதிராகத்தான், உங்களுக்கு எதிராக அல்ல என்று ஐசனோவர் நேருவுக்குக் கடிதமே எழுதினார். 1965 செப்டம்பரில் அவை இந்தியப் பஞ்சாபின் அசல் உத்தர் கரும்புக் காட்டில் புதைந்து சிக்கின. அமெரிக்கா இரு நாட்டுக்கும் ஆயுதத்தை நிறுத்தியது. உதிரிபாகம் இல்லாமல் மிச்சமும் முடங்கத் தொடங்கியது.

அதே அமெரிக்கா 1962-இல் ஒன்பது பல்கலைக்கழகங்களைக் கூட்டி ஐஐடி கான்பூருக்கு அனுப்பியது. 1963-இல் ஐபிஎம் 1620 கணினி வந்து இறங்கியது. 1965 போர் அந்தத் திட்டத்தை நிறுத்தவில்லை. 1972-இல் குறித்த காலம் முடிந்து அமெரிக்கப் பேராசிரியர்கள் கிளம்பினார்கள், நிறுவனம் தானாக நடந்தது. மேற்கு ஜெர்மனி 1959-இல் சென்னையில் அதையே செய்தது. கிண்டிக் காட்டோரத்தில் ஐஐடி எழுந்தது. பாகிஸ்தானிலும் 1955-இல் வார்ட்டன் கல்லூரி கைகொடுத்துத் தொடங்கிய கராச்சி வணிக நிர்வாகக் கழகம் இன்றும் அந்நாட்டின் முதல் வரிசையில் நிற்கிறது. இவை பிழைத்ததற்குக் காரணம் கல்வி உயர்ந்தது என்பதல்ல. பல ஆண்டு உறுதி இருந்தது, சம்பளச் செலவை முதல் நாளிலிருந்தே உள்ளூர் அரசு ஏற்றது, கூட்டாளி ஒரே நிறுவனம். அதாவது ராணுவ உதவிக்கு இயல்பாகவே இருக்கும் வசதிகளைக் கல்விக்கும் வேண்டுமென்றே செய்து கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான கிராமப் பள்ளிகளுக்கு அதைச் செய்வது பல மடங்கு கடினம். ஐஐடியை உதாரணம் காட்டித் தொடக்கக் கல்விக்கு வாதாடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஐஐடி பட்டதாரிகளில் கணிசமானவர்கள் பிறகு அமெரிக்காவுக்கே போனார்கள் என்பதால், போட்ட பணத்துக்கு வட்டி யாருக்குக் கிடைத்தது என்ற கேள்வியும் உண்டு.

‘ஒரு எஃப்-16 விலைக்கு எத்தனை பள்ளிக்கூடம்’ என்ற கணக்கு இதனால்தான் எங்கும் கொண்டுசேர்ப்பதில்லை. விமானத்துக்கான பணம் ஒருபோதும் பள்ளிக்குப் போகக் காத்திருந்த பணம் அல்ல. நிறுத்தினால் அமெரிக்க கஜானாவிலேயே தங்கும். 2018 ஜனவரியில் பாதுகாப்பு உதவி நிறுத்தப்பட்டது, செப்டம்பரில் கூட்டணி ஆதரவு நிதியின் 30 கோடி டாலரைப் பென்டகன் வேறு ராணுவச் செலவுக்கு எடுத்துக்கொண்டது. அதில் ஒரு டாலர்கூடப் பாகிஸ்தான் பள்ளிப் பக்கம் வரவில்லை. நிறுத்தத்தில் கடைசியில் போனதும் முதலில் திரும்பி வந்ததும் எது என்று பார்த்தால் இன்னும் தெளிவு: ஆண்டுக்குச் சில பத்து லட்சம் டாலர் மட்டுமே பிடிக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சித் திட்டம் 2018 ஆகஸ்டில் நின்று, 2019 டிசம்பரில் திரும்ப அனுமதிக்கப்பட்டது. பாகிஸ்தான் மேஜர்கள் கன்சாஸில் உட்கார்ந்து படிப்பதும் ஒரு கல்வி உதவிதான். ராணுவத் தலைப்பில் வந்ததால் பிழைத்தது.

இன்றைக்கு அமெரிக்கா விட்ட இடத்தில் நிற்பது சீனா, வேறு முறையோடு. 2020-24 காலத்தில் பாகிஸ்தான் இறக்குமதி செய்த ஆயுதங்களில் 81 சதவீதம் சீனாவிலிருந்து வந்தவை என்கிறது ஸ்டாக்ஹோம் ஆய்வு நிறுவனம். அவற்றில் நன்கொடை குறைவு, விற்பனையும் கடனும் அதிகம்; நிபந்தனை விதிக்கும் காங்கிரஸும் இல்லை, தணிக்கை அறிக்கை வெளியிடும் அலுவலகமும் இல்லை. மாணவர் பக்கமும் அதே நகர்வு: 2018-இல் சீனாவில் படித்த பாகிஸ்தானியர் 28,000 பேர். கிராமத் தொடக்கப் பள்ளி சீனாவின் பட்டியலிலும் முன்னால் இல்லை. பள்ளிக்கு வெளியே இருக்கும் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பாகிஸ்தான் பிள்ளைகளின் செலவு, இஸ்லாமாபாத்தும் நான்கு மாகாணங்களும் வசூலிக்கும் வரியிலிருந்துதான் வரவேண்டும். 2025-26 பட்ஜெட்டில் அந்த வரியிலிருந்து ராணுவத்துக்கு 2.55 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். முந்தைய ஆண்டைவிட 20 சதவீதம் கூடுதல்.